வீட்டில் இரண்டு கார்கள்: இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு விளக்கம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கார் இருப்பது இன்று வியப்பன்று. இரண்டு இருப்பதும் அரிதன்று. ஒன்று நாள்தோறும் அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் சென்று வரும் புது வண்டி. மற்றொன்று சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த பழைய வண்டியாக இருக்கும். தகப்பனார் ஓட்டியது, விற்க மனம் வராமல் வைத்திருப்பது, ஆண்டில் ஒன்பது, பத்து மாதம் உறைபோட்டு மூடிக்கிடந்து, குளிர்காலத்தில் மட்டும் துடைத்து மெருகேற்றி வெளியே வருவது. இவ்விரண்டு வண்டிகளுக்கும் எவ்வாறு இன்ஷூரன்ஸ் செய்துகொள்வது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் அறிந்த நண்பர் ஒருவர் தில்லியில் மத்திய அரசு அலுவலர். அவருடைய தகப்பனார் சென்னையில் வைத்திருந்த 1967-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், தகப்பனார் காலத்துக்குப் பிறகு லாரியேறித் தில்லிக்கு வந்தது. அது சென்னையிலேயே உருவான வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு தொடங்கி அவ்வண்டியை அங்கே செய்து விற்றது. நண்பர் அதைச் செம்மையாகப் பழுது பார்த்தார். தம் பெயருக்கு மாற்றிப் பழம்பெரு வண்டியாகப் பதிவும் செய்துகொண்டார். பிப்ரவரி மாதத்தில் ஓர் அணிவகுப்பில் பெருமையோடு ஓட்டினார். மார்ச்சு மாதத்தில் பாலிசி முடிந்தது. 'இனி டிசம்பர் வரை வண்டியை வெளியே எடுக்கப்போவதில்லை. வீணாகப் பணம் கட்டுவானேன்?' என்று அதைப் புதுப்பியாமல் விட்டுவிட்டார்.

ஜூலையில், பாட்டரிக்குச் சார்ஜ் ஏறட்டும் என்று மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சென்றார். தெருமுனையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த முதியவர்மீது கார் மோதியது. முதியவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவரால் தள்ளுவண்டியைத் தொட முடியவில்லை.

அதன்பின் நடந்ததைச் சொல்லுமுன், நண்பரின் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைப் பார்ப்போம்.

மூன்றாம் தரப்பார் யார்?

இன்ஷூரன்ஸ் என்பது ஓர் ஒப்பந்தம். வண்டிக்காரர் முதல் தரப்பார். கம்பெனி இரண்டாம் தரப்பார். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து இடாதவர், பிரீமியம் கட்டாதவர், அப்படி ஒரு தாள் இருப்பதையே அறியாதவர் மூன்றாம் தரப்பார். தெருவில் நடந்து செல்பவரும், சைக்கிளில் போகிறவரும், தள்ளுவண்டியின் பின்னே நின்ற முதியவரும் மூன்றாம் தரப்பாரே. அரசு கட்டாயப்படுத்துகிற இன்ஷூரன்ஸ் இவர்களுக்காகவே ஏற்பட்டது. நம்முடைய வண்டிக்காக அன்று.

இந்தக் கட்டாயம் நேற்று வந்ததுமன்று. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டத்தில் இதற்கெனத் தனி அத்தியாயமே இருந்தது. அது 1946 ஜூலை 1 முதல் செயலுக்கு வந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதே விதியைத் தொடர்கிறது. மூன்றாம் தரப்பாருக்கான பாலிசி இல்லாமல் பொது இடத்தில் வண்டியைத் தாமும் பயன்படுத்தலாகாது, பிறரைப் பயன்படுத்த விடவும் ஆகாது என்பது அதன் சாரம். 'பிறரைப் பயன்படுத்த விடவும்' என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும். ஓட்டியவர் மெக்கானிக்கே ஆயினும் பொறுப்பு உடைமையாளரையும் வந்து சேர்கிறது. விதியை மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

'வண்டி ஓடவே இல்லை, நின்றுகொண்டுதானே இருக்கிறது' என்று சிலர் கேட்கலாம். சொந்த வீட்டுக்குள், பூட்டிய கொட்டகையில் நிற்கும் வண்டியைச் சட்டம் தொடுவதில்லை. ஆனால் நகரங்களில் நம்மில் எத்தனை பேருக்குக் கொட்டகை இருக்கிறது? குடியிருப்பின் உட்சாலையிலோ தெருவோரத்திலோ நிறுத்துகிறோம். பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் எதுவாயினும் அது பொது இடமே. வண்டியின் 'பயன்பாடு' என்பதும் ஓடும் நேரத்தோடு முடிந்துவிடுவதன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் லாரி சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கு ஒன்றில், அந்த விபத்தும் வண்டியின் பயன்பாட்டால் நேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே, மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குப் பருவகாலம் கிடையாது. வண்டி ஆண்டில் நான்கு நாள் ஓடினாலும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அந்தப் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். எந்த நான்கு நாள் என்பதை நாம் முன்கூட்டி அறிய முடியாதன்றோ?

இதற்கு ஆகும் செலவு என்ன?

மூன்றாம் தரப்புப் பிரீமியத்தைக் கம்பெனிகள் தம் விருப்பப்படி வைப்பதில்லை. மத்திய அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் செயலுக்கு வந்த அறிவிக்கையின்படி, தனியார் கார் 1000 சி.சி.-க்கு மேற்படாததாயின் ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கும் மேற்பட்டால் 7,897 ரூபாய். இவற்றோடு வரியும் சேரும். பழம்பெரு வண்டியாகப் பதிவான தனியார் காருக்கு அதே அறிவிக்கை 50 விழுக்காடு தள்ளுபடி அளிக்கிறது. இந்த வீதங்கள் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை. பணம் கட்டுமுன் நடப்பு வீதத்தைக் கேட்டுக்கொள்வது நன்று.

ஹெரால்டின் இயந்திரம் 948 சி.சி. சாதாரணப் பதிவாயின் 2,094 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு. நண்பரின் வண்டி பழம்பெரு வண்டியாகப் பதிவானது; எனவே வரி நீங்கலாக 1,047 ரூபாயே போதுமானதாக இருந்திருக்கும். அவர் மிச்சம் பிடித்த தொகை அவ்வளவுதான்.

ஒரு வண்டியின் பாலிசி மற்றொன்றுக்கு உதவுமா?

உதவாது. இரண்டு வண்டி வைத்திருப்போர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. புது வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, குடும்பம் ஒன்றுதான், ஓட்டுபவரும் ஒருவர்தான் என்னும் எண்ணத்தில் பழைய வண்டியை அந்த நிழலில் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் தரப்பு பாலிசி அந்தந்த வண்டியின் பதிவு எண்ணோடும் இயந்திர எண்ணோடும் கட்டுண்டது. இரண்டு வண்டிக்கு இரண்டு பாலிசி வேண்டும்.

எனினும், பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

முதலாவது, உடைமையாளரே ஓட்டும்போது நேரும் மரணத்துக்கும் ஊனத்துக்குமான தனிநபர் விபத்துக் காப்பீடு. இது 15 லட்சம் ரூபாய்க்கானது. ஒவ்வொரு வண்டியின் பாலிசியோடும் இதைத் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் எடுக்க முடிகிறது. ஒருவர் பெயரில் எத்தனை வண்டி இருந்தாலும் இது ஒன்று போதும். குறைந்தது 15 லட்சம் ரூபாய்க்கு வேறு விபத்துப் பாலிசி முன்பே இருந்தால் இதுவும் தேவையில்லை. இரண்டாவது பாலிசியில் இதற்கெனத் தொகை சேர்ந்திருந்தால் எடுத்துவிடும்படி கேட்கலாம். ஆனால் இது உடைமையாளருக்கு உரியது. அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். ஒரு வண்டி மனைவியார் பெயரிலும் மற்றொன்று கணவர் பெயரிலும் இருந்தால் இருவருக்கும் தனித்தனியே வேண்டும். வண்டி இன்னும் மறைந்த தகப்பனார் பெயரிலேயே இருந்தால், ஓட்டுகிற மகனுக்கு அவ்வண்டியில் இந்தக் காப்பீட்டின் பயன் கிட்டாது.

இரண்டாவது, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. இது கட்டாயமன்று. ஒரே உடைமையாளரின் பல வண்டிகளுக்குச் சேர்த்து இதனை ஒரே பாலிசியாக வழங்க, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் இசைவு தந்தது. ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் முறைக்கும் அப்போதே இசைவு கிடைத்தது. பழைய வண்டிக்கு இவற்றைத் தருவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்பதில் நஷ்டமில்லை.

பொதுவாக வைத்துக்கொள்ள முடியாதது ஒன்றும் உண்டு. அது நோ கிளெய்ம் போனஸ். ஆண்டு முழுவதும் இழப்பீடு கோராமல் இருந்தால் மறு ஆண்டில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு இது. 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 விழுக்காட்டை எட்டும். இது வண்டியைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும்போது சான்று பெற்று, மூன்று ஆண்டுக்குள் புது வண்டிக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் ஒரே போனஸைக் காட்ட முடியாது. புது வண்டியில் 50 விழுக்காடு சேர்ந்திருந்தாலும் பழைய வண்டி தன் கணக்கைச் சுழியிலிருந்தே தொடங்கும்.

இந்த போனஸோடு தொடர்புள்ள பிழையான எண்ணம் ஒன்று பரவலாக இருக்கிறது. பாலிசி முடிந்தபின் 90 நாள் அவகாசம் உண்டு என்கிறார்கள். அந்த 90 நாள் போனஸ் அழியாமல் இருப்பதற்கான அவகாசமே. இன்ஷூரன்ஸ் தொடர்வதற்கானது அன்று. பாலிசியில் குறித்த கடைசி நாளின் நள்ளிரவோடு கம்பெனியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது.

பழைய வண்டியின் மதிப்பு

புது வண்டிக்கு மதிப்பு குறிப்பது எளிது. தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20 எனப் போய், ஐந்தாண்டு நிறையும்போது 50 விழுக்காடு கழிந்திருக்கும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கும் இந்தப் பட்டியல் இல்லை. நாமும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு.

பேச வேண்டிய இவ்விடத்தில்தான் பலர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். பழைய வண்டிதானே என்று கம்பெனி ஊழியர் 20,000 ரூபாய் என எழுதுவார். பிரீமியம் குறைகிறதே என்று நாமும் தலையசைத்துவிடுவோம். அதன் விளைவைக் காண்போம். பழுது பார்க்கும் செலவு குறித்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், வண்டி முழுதும் அழிந்ததாகவே கொள்வர். 20,000 ரூபாயில் 75 விழுக்காடு 15,000 ரூபாய். ஒரு கதவும் ஒரு மட்கார்டும் நசுங்கினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பழுது பார்த்து ஓட்டியிருக்கக் கூடிய வண்டி காகிதத்தில் செத்துப்போகும். அதே வண்டிக்கு நியாயமான மதிப்பு 4 லட்சம் ரூபாய் என முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் எல்லை 3 லட்சம் ரூபாயாகும்.

ஆகவே, வண்டியின் உள்ளும் புறமும் தெரியும்படி நாளிட்ட நிழற்படங்களும், பழுது பார்த்த ரசீதுகளும், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் சேகரித்து வைத்துக்கொண்டு, அவற்றைக் காட்டி மதிப்பை எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. இழப்பீடு தரும்போது மாற்றிய உதிரிப்பாகங்களின் விலையிலும் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி, பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் பாதி, கண்ணாடிக்குக் கழிவில்லை. 20,000 ரூபாய் கொடுத்துத் தேடிப் பிடித்த ஒரு மட்கார்டுக்கு 10,000 ரூபாயே வரும். இயந்திரம் தானாகப் பழுதானாலோ, துருப்பிடித்தாலோ, தேய்ந்தாலோ இன்ஷூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது. பழைய வண்டி வைத்திருப்போருக்கு இவையே பெரிய செலவுகள் என்பதால் இதை முன்பே சொல்லிவிடுகிறோம்.

பருவத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு வழி என்ன?

ஒரு வழி, மூன்றாம் தரப்புப் பொறுப்போடு தீ, திருட்டு ஆகிய இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்வது. நின்றுகிடக்கும் வண்டிக்கு மோதல் பயம் குறைவு. தீயும் திருட்டும் அதற்கும் உண்டு. முழு இன்ஷூரன்ஸைவிட இதற்குச் செலவு குறைவு. ஆனால் வெள்ளமும் மரம் விழுதலும் இதில் அடங்கா. மும்பை போன்ற மழை மிகுந்த நகரில் தாழ்ந்த இடத்தில் வண்டியை நிறுத்துவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மற்றொரு வழி, வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைக்கும் காலத்துக்குச் சலுகை பெறுவது. முழு இன்ஷூரன்ஸ் உள்ள வண்டியைத் தொடர்ந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கொட்டகையில் நிறுத்துவதாயின், முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவித்து, அக்காலத்துக்குக் காப்பைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த பிரீமியத்தில் கழிவு பெறும் முறை பழைய மோட்டார் கட்டண விதிகளில் இருந்தது. 2007-ஆம் ஆண்டில் சொந்தச் சேதக் கட்டணங்கள் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டன. எனினும் அப்பழைய விதிகளின் வாசகங்கள் பல பாலிசிகளில் தொடர்ந்து வருகின்றன. நம் பாலிசியில் உண்டா என்று கேட்டறிய வேண்டும். ஓர் எச்சரிக்கை: அவ்வாறு சுருக்கிய காலத்தில் தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டுமே காப்பு இருக்கும், மூன்றாம் தரப்புப் பொறுப்பு நின்றுவிடும். நம் நண்பர் இச்சலுகையைப் பெற்றிருந்தாலும் ஜூலை மாதத்து விபத்தில் அது அவரைக் காத்திராது. சாவியை வேறு யாரிடமும் தராமல் இருக்கும் உறுதி உடையவருக்கே இது பொருந்தும். மற்றவர்கள் மூன்றாம் தரப்புப் பாலிசியை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு, சொந்தச் சேதத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பதே நல்லது.

'பழம்பெரு வண்டி' என்பதற்கு இரண்டு பொருள்

நாம் மொழிபெயர்ப்புப் பணியில் அடிக்கடி காண்பது, ஒரே சொல் இரண்டு விதிகளில் இரண்டு பொருள் தருவது. 'விண்டேஜ்' என்று வழங்கும் சொல் அத்தகையது. பழைய மோட்டார் கட்டண விதிகளில், 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்யப்பட்டு, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் கழகத்தின் சான்று பெற்றதே விண்டேஜ் கார். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வண்டி விதிகளின் திருத்தத்தில், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியன பெருமாற்றமின்றி மூல வடிவிலேயே காக்கப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் அனைத்தும் அப்பெயர் பெறுகின்றன. 1967-ஆம் ஆண்டு ஹெரால்டு இரண்டாவது விதியில் பழம்பெரு வண்டி. முதல் விதியில் அன்று. பாலிசியில் அந்தச் சொல்லைக் கண்டால் எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பது அவசியம்.

2021-ஆம் ஆண்டு விதியின்படி புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். எண்பலகையில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் பாலிசியும் வேண்டும். பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி, ஆராய்ச்சி, பழங்கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகவும் அவற்றுக்குப் போய்வருவதற்காகவும் மட்டுமே அதை ஓட்டலாம். அலுவலகத்துக்கும் சந்தைக்கும் நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் இந்தப் பதிவை நாடலாகாது; அவர்கள் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வர வேண்டும்.

1990-களின் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நம் நெஞ்சுக்குப் பழம்பெரு வண்டிகளே. சட்டத்துக்கு அவை இன்னும் வெறும் பழைய வண்டிகள். தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கும் எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளிலும், உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டிலும் ஆணை பிறப்பித்தன. பின்னரும் இதில் ஆணைகள் மாறி வந்துள்ளன. ஊரிலிருந்து வண்டியை ஏற்றி அனுப்புமுன் அன்றைய நிலையைப் பதிவு அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

அணிவகுப்புக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். தில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ஆம் ஆண்டில் தொடங்கியது போன்ற பழங்கார் விழாக்களே இவ்வண்டிகளுக்குரிய பருவத்தை நம்மவர்க்குப் பழக்கப்படுத்தின. ஆனால் வழக்கமான பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை. நேரக்கணக்கு வைத்து நடத்தும் நிகழ்ச்சியாயின் அதற்கெனத் தனிக் குறிப்பு பாலிசியில் வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்கோ சினிமாப் படப்பிடிப்புக்கோ வாடகை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தாலும் தனியார் கார் பாலிசி துணை நிற்காது.

இடம் மாறும்போது

மாற்றல் உத்தரவோடு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எந்த ஊரில் வாங்கிய பாலிசியும் இந்தியா முழுவதும் செல்லும். ஊர் மாறியதற்காகப் புதுப் பாலிசி எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, வேறு மாநிலத்தில் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அம்மாநிலப் பதிவு எண் பெற வேண்டும். எண் மாறியவுடன் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, தகப்பனார் பெயரிலுள்ள பாலிசி, அவர் மறைந்த நாளிலிருந்து மூன்று மாதமோ, பாலிசி முடியும் நாளோ, எது முந்தியதோ அதுவரை வாரிசுகளுக்கு உதவும். அதற்குள் இறப்புச் சான்று, வாரிசுரிமை ஆவணம், பாலிசி ஆகியவற்றைக் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். துக்கத்தில் மூன்று மாதம் விரைந்து ஓடிவிடும். வீட்டில் ஒருவர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

புது வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கும் முறை 2018 செப்டம்பரில் வந்தது. சொந்தச் சேதக் காப்போ ஓராண்டுக்கு எடுப்பதாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு வண்டி உள்ள வீட்டில் மூன்று கெடுநாள்கள் வரலாம். மூன்றையும் நாட்காட்டியில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைப்பது எளிய காரியம்.

நண்பருக்கு நேர்ந்தது

இனி நண்பரிடம் மீள்வோம். பாலிசி இல்லாத வண்டி விபத்தில் சிக்கி ஒருவர் மாண்டாலோ காயமுற்றாலோ, இழப்பீட்டுக்குப் போதிய ஈடு காட்டாமல் அவ்வண்டியை நீதிமன்றம் விடுவிக்கலாகாது என்பது தில்லியில் விதி. மூன்று மாதத்துக்குள் ஈடு காட்டாவிடில் வண்டியை ஏலம் விட்டுத் தொகையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் செலுத்தலாம். இத்தகைய விதியை எல்லா மாநிலங்களும் செய்துகொள்ளும்படி உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் பணித்தது. தகப்பனாரின் ஹெரால்டு காவல்நிலைய வாசலில் மழையில் நனைந்தது. அது ஏலத்துக்குப் போகாமல் இருக்க நண்பர் தம் வைப்புத்தொகையை ஈடாக வைத்தார். முதியவரின் மருத்துவச் செலவும், அவர் இழந்த வருவாயும், பட்ட வேதனைக்கான தொகையும் பின்னர் அதிலிருந்தே போயின. கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய தொகை அது.

பணம் போனதைவிட வேறொன்றே தம்மை வருத்தியது என்று நண்பர் நம்மிடம் சொன்னார். பாலிசி இருந்திருந்தால், தீர்ப்பு வந்ததும் தொகை கிடைக்கும் என்று முதியவரின் குடும்பம் நம்பியிருந்திருக்கும். அது இல்லாததால், இந்த மனிதர் கொடுப்பாரா, மாட்டாரா, கொடுக்க இவரிடம் இருக்கிறதா என்று அவர்கள் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நண்பரிடம் கொடுக்க இருந்தது, கொடுத்தார். இல்லாத ஒருவராக இருந்திருந்தால் அந்தத் தொடையெலும்புக்கு யார் பொறுப்பு?

அந்த முதியவர் இப்போது அதே தெருமுனையில் மீண்டும் காய்கறி விற்கிறார். சற்றுக் காலைச் சாய்த்து நிற்கிறார். ஹெரால்டும் குளிர்காலத்தில் அவரைக் கடந்தே வெளியே செல்கிறது. அதன் பாலிசி இப்போது மார்ச்சிலும் ஜூலையிலும்கூட நடப்பில் இருக்கிறது.